ஒரே தாளுக்கு நான்கு சொந்தக்காரர்கள்: நோட்ஸை ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன்

டிசம்பர் நெருங்கினால் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருவர் புதிய கேரல் (கிறிஸ்துமஸ் பாடல்) ஒன்றின் நோட்ஸை, அதாவது இசைக்குறிப்புத் தாளை, கொண்டுவருவார். அடுத்த ஒத்திகைக்குள் அது முப்பத்திரண்டு பிரதிகளாகி, ஸ்டேப்ளர் அடித்து எல்லோர் கையிலும் இருக்கும். கடைக்குப் போய் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன் நான்தான். ஒரு வருடம் குழுவை நடத்த வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தாளை வாங்கியவர், பாட ஆரம்பிக்காமல் முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைச் சத்தமாக வாசித்தார். அனுமதியின்றிப் பிரதி எடுப்பது சட்டவிரோதம் என்று அதில் இருந்தது. "இதுல காசு குடுத்து வாங்கின பிரதி எது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் இசை கற்கவோ கற்பிக்கவோ குழு நடத்தவோ தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. இங்கே சொல்வது இந்தியச் சட்டம், அதாவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். வேறு நாட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும்.

முதல் படி: தாளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

"பாட்டு பழசு, ஜெராக்ஸ் எடுத்தா என்ன?" என்பதுதான் அதிகம் கேட்கும் வாதம். பாட்டு பழசாக இருக்கலாம், கையில் இருக்கும் தாள் பழசா என்பது வேறு கேள்வி. ஒரே தாளில் மெட்டமைத்தவர், பாடல் எழுதியவர், மொழிபெயர்த்தவர், குரல்களுக்கோ வாத்தியங்களுக்கோ பிரித்து அரேஞ்ச் செய்தவர் என்று நான்கு பேர் வரை இருக்கலாம். நம் சட்டம் இசையைத் தனிப் படைப்பாகவும் வரிகளைத் தனிப் படைப்பாகவும் பார்க்கிறது. ஒருவருடைய உரிமை முடிந்துவிட்டது என்பதால் மற்றவருடையதும் முடிந்துவிடாது.

மேற்கத்திய நோட்ஸில் பெரும்பாலும் முதல் பக்கத்தின் இடது மேல் மூலையில் பாடலாசிரியர் பெயரும் வலது மேல் மூலையில் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும். அதற்குக் கீழே சின்னதாக அரேஞ்சர் பெயர் வரும். பக்கத்தின் அடியில், வட்டத்துக்குள் 'சி' போட்டு ஒரு ஆண்டும் பதிப்பகத்தின் பெயரும் இருக்கும். இவை எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மீதி வேலை முழுக்க இந்தத் தாளை வைத்துத்தான்.

வட்டச் சி இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் அந்தக் குறியும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை. படைத்ததுமே உரிமை வந்துவிடும். இசைக்கு வந்தால் நோட்டேஷனில் எழுதியிருக்கவும் தேவையில்லை. முன்பு அச்சிலோ எழுத்திலோ இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது இசைப்படைப்பு. 1994இல் வந்த திருத்தம் அதை மாற்றியது. ஒரு ஸ்வரம்கூடக் காகிதத்தில் எழுதாத வித்வானும் இப்போது தன் மெட்டுக்கு உரிமையாளர்தான்.

இரண்டாம் படி: வருடத்தை எண்ணுங்கள்

படைத்தவர் மறைந்த ஆண்டோடு 60ஐக் கூட்டுங்கள். கூட்டினால் கிடைக்கும் ஆண்டின் டிசம்பர் 31 வரை உரிமை இருக்கும், மறுநாள் பொதுச்சொத்து. வட்டச் சிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டை வைத்து எண்ணக் கூடாது, அது அந்தப் பதிப்பு வெளிவந்த ஆண்டு. (ஆசிரியர் மறைந்த பிறகு முதன்முதலாக வெளியான படைப்புகளுக்கு மட்டும் வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும்.) இந்தக் காலம் முன்பு 50 ஆண்டுகள்தான். 1941இல் மறைந்த தாகூரின் உரிமைகள் 1991 முடிவில் காலாவதியாக இருந்த நேரத்தில் அதை 60 ஆக்கினார்கள். தாகூரை முன்னிட்டு மற்ற எல்லோருக்கும் பத்து வருடம் கூடக் கிடைத்தது.

போட்டுப் பார்ப்போம். தியாகராஜர் 1847, முத்துசுவாமி தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. இவர்களுக்குக் கணக்கே வேண்டாம். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 1945, ஆக 2005இல் முடிந்தது. மைசூர் வாசுதேவாச்சார் 1961, ஆக 2021இல் முடிந்தது. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். கணக்கு 2033 கடைசி வரை போகிறது. லால்குடி ஜெயராமன் மறைந்தது 2013இல், அவருடைய தில்லானாக்களுக்கு 2073. கர்நாடக சங்கீத மாணவர்கள் பலருக்கும் கீர்த்தனை என்றாலே யாருக்கும் சொந்தமில்லாதது என்ற எண்ணம் இருக்கிறது. மும்மூர்த்திகளுக்கு அது பொருந்தும், நேற்று வரை நம்மோடு இருந்தவர்களுக்குப் பொருந்தாது.

மேற்கில் பாக், பீத்தோவன், ஷோபான் எல்லோரும் எப்போதோ தாண்டிவிட்டார்கள். 1945இல் மறைந்த பார்டோக், 1953இல் மறைந்த புரோகோஃபியேவ் இந்தியக் கணக்கில் வெளியே வந்தாயிற்று. ஸ்ட்ராவின்ஸ்கி 1971, ஷோஸ்டகோவிச் 1975 என்பதால் இருவரும் இன்னும் உள்ளேதான். ஐரோப்பாவில் இதே கணக்கு 70 ஆண்டு.

சினிமாப் பாட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும். எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டுப் போட்டு கண்ணதாசன் எழுதிய பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணதாசன் மறைந்தது 1981, ஆக வரிகளுக்கு 2041. எம்.எஸ்.வி. மறைந்தது 2015, ஆக மெட்டுக்கு 2075. வரிகள் விடுதலையாகி முப்பத்து நான்கு வருடம் கழித்துத்தான் மெட்டு விடுதலையாகும்.

தமிழ்ப் பாடல்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பாரதி, பாரதிதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் போன்றோரின் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. எனவே 60 ஆண்டுக் கணக்குப் போடுவதற்கு முன் நாட்டுடைமைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். ஆனால் நாட்டுடைமையானது வரிகள் மட்டும். பாரதி பாட்டுக்கு ஒருவர் போன வருடம் மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டு அவருடையது.

மூன்றாம் படி: அரேஞ்ச்மென்ட்டை மறக்காதீர்கள்

கேரல் குழுக்கள் வழுக்கி விழும் இடம் இது. 'சைலண்ட் நைட்' பாடலை எழுதிய மோரும் மெட்டமைத்த க்ரூபரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மறைந்தவர்கள். அந்த மெட்டையும் மூல வரிகளையும் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் கையில் இருப்பது இன்று உயிரோடிருக்கும் ஒருவர் நான்கு குரலுக்கு எழுதி, இடையில் ஒரு டெஸ்கண்ட் (மெட்டுக்கு மேலே தனியாகப் பாடும் உயர்குரல் வரி) சேர்த்த தாள் என்றால், அந்தத் தாள் அவருடையது. அவர் மறைந்து 60 ஆண்டு ஆக வேண்டும்.

கர்நாடக நோட்டேஷன் புத்தகங்களிலும் இதே கதைதான். கிருதி தீட்சிதருடையது. அதைக் கமகக் குறிகளோடு ஸ்வரப்படுத்தி எழுதிய கை வேறொருவருடையது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. அவர் 1906இல் மறைந்தார். அந்த மூலத்தைத் தாராளமாகப் பிரதி எடுக்கலாம். பின்னாளில் வந்த தமிழ்ப் பதிப்பையோ வேறு மொழிபெயர்ப்பையோ அதே தைரியத்தில் எடுக்க முடியாது.

அதற்காகப் பழைய நோட்ஸை அப்படியே மறுபடி கோத்து அச்சடித்தவர்களுக்கெல்லாம் புது உரிமை வந்துவிடாது. உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் இருக்க வேண்டும் என்று 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சட்டத் தீர்ப்புகளைத் தொகுத்த புத்தகங்களைப் பற்றிய வழக்கு என்றாலும் அளவுகோல் பொதுவானது. ஒரு பதிப்பில் எது மூலம், எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்க நம்மால் எப்போதும் முடியாது. அந்தத் தலைவலி எதற்கு? பழைய பதிப்பையே தேடி எடுங்கள்.

இணையத்தில் தேட இரண்டு நல்ல இடங்கள் உண்டு. ஐ.எம்.எஸ்.எல்.பி. என்கிற பெட்ரூச்சி இசை நூலகம், குரலிசைக்கு சி.பி.டி.எல். என்கிற பொதுச்சொத்துக் குரலிசை நூலகம். முன்னது கனடாவை மையமாகக் கொண்டது. கனடாவில் 2022 வரை உரிமைக் காலம் மறைவுக்குப் பின் 50 ஆண்டுதான் என்பதால், அங்கே சட்டப்படி ஏறிய சில கோப்புகளுக்கு இந்தியாவில் உரிமை இன்னும் உயிரோடு இருக்கலாம். 2007இல் ஒரு ஐரோப்பியப் பதிப்பகம் இதே காரணத்துக்காக நோட்டீஸ் அனுப்ப, அந்தத் தளம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து 2008இல்தான் திறந்தது. கோப்பு அங்கே கிடைக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், இரண்டாம் படிக் கணக்கைப் போட்டுவிட்டு இறக்குங்கள்.

நான்காம் படி: பிரதி எதற்காக?

உரிமை முடிந்த தாள் என்றால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், கடைக்குப் போகலாம். முடியாத தாள் என்றால் நோக்கம்தான் எல்லாம்.

உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பிரதி எடுப்பதைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சொனாட்டாவில் பக்கம் திருப்ப வசதியில்லாத இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்வது, கண் சரியில்லாததால் பெரிதாக்கி எடுப்பது, பென்சிலால் கிறுக்க ஒரு நகல் வைத்துக்கொள்வது போன்றவற்றுக்கு நான் தயங்கவே மாட்டேன். நண்பரின் புத்தகத்தை இரவல் வாங்கி முழுசாக எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போடுவதற்கு அந்தத் தைரியம் எனக்கில்லை. 'நியாயமான' என்ற சொல் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

"பத்து சதவீதம் வரைக்கும் எடுக்கலாமாமே?" என்று கேட்பார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு சதவீதமே கிடையாது. அது 1976இல் அமெரிக்காவில் இசை ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் ஒத்துக்கொண்ட வழிகாட்டுதலில் இருந்து கிளம்பிய பேச்சு. அங்கேயும் அது பாடத்துக்காக மட்டும்தான். எடுக்கும் பகுதி தனியாக மேடையில் வாசிக்கக்கூடிய முழு அலகாக இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: வகுப்பு நடத்துகிறீர்களா?

ஆசிரியரோ மாணவரோ பாடம் நடக்கும் போக்கில் ஒரு படைப்பைப் பிரதி எடுப்பது உரிமை மீறல் ஆகாது. இதுவும் 52ஆவது பிரிவில் இருக்கிறது. இதன் அகலம் எவ்வளவு என்பது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ராமேஸ்வரி போட்டோகாப்பி வழக்கில் தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் அந்த ஜெராக்ஸ் கடை மேல் வழக்குப் போட்டன. மாணவர்களுக்காகப் பாடத்தொகுப்புகளை அது பிரதி எடுத்துக் கொடுத்ததுதான் புகார். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி கடைப் பக்கம் நின்றார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவைப்படும் அளவு என்பதுதான் வரம்பு, பக்க எண்ணிக்கை அல்ல என்றது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இதை வைத்து, வீட்டில் கீபோர்டு வகுப்பு எடுக்கும் நாமும் என்ன வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று முடிவுகட்டும் ஆசை எனக்கும் வந்தது. அந்த வழக்கில் பேசப்பட்டது பாடப்புத்தகங்களின் பகுதிகள், நோட்ஸ் அல்ல. ஒரு தாள அமைப்பை விளக்க எட்டு பார் (தாள அளவு) எடுத்து மாணவர்களுக்குக் கொடுப்பது பாடம்தான். கடையில் கிடைக்கும் கிரேடு தேர்வுப் புத்தகத்தைப் பதினைந்து பேருக்கு முழுசாக நகலெடுத்துக் கொடுத்துவிட்டு அதைப் பாடம் என்று சொல்வது கஷ்டம். கற்பித்தலுக்கு அது தேவைப்பட்டதா, அல்லது புத்தக விலையை மிச்சம் பிடிக்கத் தேவைப்பட்டதா என்று உங்களையே கேளுங்கள்.

கிரேடு தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இதில் சட்டத்தைவிடத் தேர்வு விதி முந்திக்கொள்ளும். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வின் அறைக்கு அசல் புத்தகத்தோடு போக வேண்டும். பக்கம் திருப்பும் சிரமத்துக்காக எடுத்த ஒன்றிரண்டு நகல்கள் பரவாயில்லை, வெறும் ஜெராக்ஸ் கட்டோடு போகக் கூடாது. பிள்ளையின் பெற்றோரிடம் இதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் சொன்னால் அந்தப் புத்தகம் எந்தக் கடையிலும் இருக்காது.

ஆறாம் படி: பாடகர் குழு, ஆர்க்கெஸ்ட்ரா

இப்போது என் முப்பத்திரண்டு பிரதிகளுக்கு வருகிறேன்.

"ஆராதனையில பாடறதுக்கு அனுமதி தேவையில்லைன்னு சட்டமே சொல்லுதே" என்று எங்கள் குழுவில் ஒரு அண்ணன் வாதாடினார். அவர் சொன்னது பொய்யில்லை. உண்மையான மதச் சடங்குகளின் போக்கில் பாடுவதும் வாசிப்பதும் மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் அதில் அடக்கம். பணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு முன்னால் அமெச்சூர் குழு நிகழ்த்துவதற்கும், பள்ளி விழாவில் ஊழியர்கள், மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்துவதற்கும் விலக்கு இருக்கிறது. இவை எல்லாம் பாடுவதற்கான விலக்குகள். பாடுவது ஒரு உரிமை, பிரதி எடுப்பது வேறொரு உரிமை. ஆராதனையில் சுதந்திரமாகப் பாடலாம், ஆனால் கையில் பிடித்திருக்கும் தாள் வாங்கிய தாளாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பள்ளியிலும் தேவாலயத்திலும் பாடகர் குழு நடத்திய ஒருவர், உரிமை உள்ள ஒரு பக்திப் பாடலைத் தானே குழுவுக்காக அரேஞ்ச் செய்து ஏறக்குறைய 48 பிரதிகள் எடுத்தார். அதில் லாபம் எதுவும் பார்க்கவில்லை. 1962இல் விஹ்டால்–க்ரோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு என்று ஏற்க மறுத்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் "நாங்க சாமிக்காகத்தானே பாடறோம்" என்ற வாதம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு ஒரு அடையாளம்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஆளுக்கொன்று வாங்குவது நேர்வழி. தாளாக வரவழைத்தால் தபால் செலவு விலையைத் தாண்டிவிடும் என்பதால் பி.டி.எஃப். ஆகவே வாங்குங்கள். எத்தனை பிரதிக்குக் காசு கட்டினீர்களோ அத்தனை அச்சிட அனுமதி கிடைக்கும், பல பதிப்பகங்கள் வாங்கியவர் பெயரையும் எண்ணிக்கையையும் பக்கத்தின் அடியிலேயே போட்டுவிடும். கட்டுப்படியாகாவிட்டால் இரண்டு பேருக்கு ஒரு தாள். எங்கள் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) வரிசை இரண்டு வருடம் அப்படித்தான் பாடியது, ஒருவர் தும்மினால் இருவர் இடம் தவறுவார்கள். அதுவும் முடியாவிட்டால் உரிமை முடிந்த மெட்டை எடுத்து நீங்களே நான்கு குரலுக்கு எழுதுங்கள். வேதநாயக சாஸ்திரியார் 1864இலேயே மறைந்துவிட்டார், அவருடைய கீர்த்தனைகள் காத்திருக்கின்றன.

வெளிநாட்டுத் தேவாலயங்கள் சி.சி.எல்.ஐ. என்ற நிறுவனத்திடம் எடுக்கும் உரிமத்தைப் பற்றி அங்கே இருக்கும் உறவினர்கள் சொல்லியிருக்கலாம். அது முக்கியமாகப் பாடல் வரிகளைத் திரையில் காட்டவும் அச்சிடவும்தான். பாடகர் குழுவுக்கான குரல் ஸ்கோரை நகலெடுக்க அந்த அடிப்படை உரிமம் இடம் கொடுப்பதில்லை. அதேபோல ஐ.பி.ஆர்.எஸ். (இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் இந்தியச் சங்கம்) உரிமம் எடுத்துவிட்டோம் என்று அரங்க ஏற்பாட்டாளர் சொன்னால் அது மேடையில் நிகழ்த்துவதற்கு. ஜெராக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வாடகைக்கு வந்த பார்ட்களை (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய தனித் தாள்களை) நகலெடுத்து வைத்துக்கொள்ளவே கூடாது. அவை ஒப்பந்தப்படி வந்தவை, சட்ட மீறலோடு ஒப்பந்த மீறலும் சேரும்.

ஏழாம் படி: ஜெராக்ஸ் மெஷினே இல்லாமல் எடுக்கும் பிரதிகள்

கையால் எழுதினால் குற்றமில்லை என்று ஸ்டுடியோக்களில் பழகிய மூத்தவர்கள் சிலர் இன்றும் நம்புகிறார்கள். கையெழுத்தும் பிரதிதான். ஃபோனில் ஸ்கேன் செய்வதும் பிரதிதான். எந்த வடிவிலும், மின்னணு முறையில் சேமித்து வைப்பது உட்பட, மறுபடி உருவாக்கும் உரிமை உரிமையாளருக்கே என்கிறது சட்டம். எல்லாவற்றிலும் மோசமானது வாட்ஸப் குரூப்பில் போடும் பி.டி.எஃப். ஜெராக்ஸ் முப்பத்திரண்டோடு நிற்கும், அது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

சினிமாப் பாட்டைக் கேட்டு நீங்களே நோட்டேஷன் எழுதினால்? அதைத் தழுவல் என்று சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இசையில் தழுவல் என்றால் அரேஞ்ச்மென்ட்டும் டிரான்ஸ்கிரிப்ஷனும். ஸாக்ஸபோனுக்காக ஸ்கேல் மாற்றி எழுதி நீங்கள் மட்டும் பழகுவது சொந்தப் பயன்பாடு. அதையே புத்தகமாகப் போட்டு விற்க அனுமதி வேண்டும்.

தண்டனை என்ன என்று கேட்பவர்களுக்கு: தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும். வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். குறைக்கலாம் என்றுதான் இருக்கிறது, விட்டுவிடும் என்று இல்லை.

எட்டாம் படி: கிடைக்கவில்லையா? கேளுங்கள்

பதிப்பில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவு இசைத்தாளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இந்தச் சலுகை நூலகத்துக்குத்தான், நமக்கில்லை.

நாம் செய்யக்கூடியது பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவது. படைப்பின் பெயர், இசையமைப்பாளர், அரேஞ்சர், பதிப்பு எண், எத்தனை பிரதி, எந்த நாள், எந்த அரங்கு, டிக்கெட் உண்டா இல்லையா, ஏற்கெனவே எத்தனை வாங்கியிருக்கிறீர்கள் என்பதை எல்லாம் ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள். விட்டுவிட்டால் திருப்பித் திருப்பிக் கேட்டு நாள் ஓடும். நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள். பழைய சினிமாப் பாட்டு என்றால் முதலில் இசை நிறுவனத்தையோ தயாரிப்பாளரையோ தேட வேண்டும். படத்துக்காகக் கூலி பெற்று அமைத்த இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆகலாம் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது, 2012 திருத்தம்தான் இசையமைப்பாளர்களையும் பாடலாசிரியர்களையும் கொஞ்சம் நிமிர வைத்தது. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வந்தால் எழுத்தில் வர வேண்டும், ஃபோனில் "எடுத்துக்கோங்க சார்" என்பது உரிமம் ஆகாது.

நிகழ்ச்சி நாளன்று நாலு பேர் தாளை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள், வருடா வருடம் நடப்பதுதான். வாங்கிய பிரதிகள் முப்பத்திரண்டும் கணக்கில் இருந்தால் அன்றைக்கு நாலு நகல் எடுத்துக் கொடுத்து, பாடி முடித்ததும் வாங்கிக் கிழித்துவிடுகிறேன். நம் சட்டத்தில் இதற்கென்று தனி வரி கிடையாது. இது என் சொந்தத் தீர்மானம்.

அனுமதியோடு எடுத்த பிரதி ஒவ்வொன்றிலும் படைத்தவர் பெயர்கள் வெட்டுப்படாமல் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்தை நேராக்கும் சாக்கில் முதலில் வெட்டுவது அந்த ஓரத்தைத்தான். அப்புறம் அடியில் அனுமதி தந்த பதிப்பகம், தேதி, 'பிரதி 7/32' என்பது போல ஒரு எண், இவ்வளவும் பேனாவால் எழுதுங்கள். பில்லையும் மின்னஞ்சலையும் அச்செடுத்து அசலோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு அலமாரியில் வையுங்கள்.

அந்தப் பெரியவர் போன வருடம் மறுபடி வந்தார். தாளை வாங்கியதும் திருப்பி அடியைத்தான் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சரி, டெனர் முதல்ல" என்றார்.